அம்மாவுக்கு பென்சன் தொடங்கினதும் அப்பாவுக்கு 432 டொலர் குறைஞ்சிட்டுது. ஏன்?

பதிவு 1: வேப்பமரத்தடி

வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 67. அப்பா 2009 கடைசியில கனடா வந்தவர். அம்மா அம்மம்மாவைப் பாத்துக்கொண்டு கோண்டாவிலிலயே நிண்டிட்டா. அம்மம்மா போனபிறகு 2014 டிசம்பரிலதான் வந்து சேர்ந்தவ. இப்ப ரெண்டு பேரும் ஸ்காபரோவில என்னோட. ரெண்டு பேரும் இஞ்ச சம்பளத்துக்கு வேலை செய்யேல்லை. என்ர மூண்டு பிள்ளையளையும் வளத்து எடுத்தது அவையள்தான்.

அப்பாவுக்குப் பத்து வருசம் முடிஞ்சதில இருந்து ஓ.ஏ.எஸ். எண்ட முதியோர் பென்சன், ஜி.ஐ.எஸ். எண்ட வருமானம் குறைஞ்ச முதியவர்களுக்கான மேலதிகக் காசு ரெண்டும் வருது. போன டிசம்பர் விழுந்தது 1,814 டொலர் 55 சதம். அம்மாவுக்கும் பத்து வருசம் நிரம்பினபடியா இந்த 2025 ஜனவரியில முதல்தரம் காசு விழுந்தது, 1,381.90. வீட்டில பாயாசம் வைச்சம். அடுத்த நாள் அப்பா வங்கிப் புத்தகத்தைப் பாத்தால் அவருக்கும் அதே 1,381.90. டிசம்பரில வந்ததில 432.65 இல்லை.

அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. மூண்டு நாளா அந்தக் கடிதத்தை மேசையில வைச்சுத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார். அம்மா என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டு, "என்னாலதானே அவருக்குக் குறைஞ்சது, எனக்கு வேண்டாம் எண்டு எழுதிக் குடு பிள்ளை" எண்டு அழுறா.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒராள் சொல்லுறார், ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கிறம் எண்டு எழுதிக் குடுத்தால் ரெண்டு பேருக்கும் முழுக்காசு வருமாம், கனபேர் அப்பிடித்தான் செய்யினமாம். எனக்கு அதில மனமில்லை. ஆனால் இது பிழையா விழுந்த காசா, இல்லாட்டி சட்டமே இப்பிடியா எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பதிவு 2: மல்லாகத்தான்

தங்கச்சி, அது பிழையா விழுந்த காசில்லை. எனக்கும் இதுதான் நடந்தது. நாப்பத்தைஞ்சு வருசம் ஒரு பெண்ணோட ஒழுங்கா வாழ்ந்ததுக்கு மாதம் மாதம் வெட்டு. தனி ஆளெண்டால் கூட, சோடியெண்டால் குறைவு. இதை எந்த அரசியல்வாதியிட்டக் கேட்டாலும் தலையை ஆட்டிப்போட்டுப் போயிடுவினம். அப்பாவின்ர மனநிலை எனக்கு விளங்குது. காசு குறைஞ்சதை விட, ஏன் குறைஞ்சது எண்டு ஒருத்தரும் முதலே சொல்லேல்லையே எண்டதுதான் சுடும்.

பதிவு 3: கணக்குச்சித்தப்பா

பிள்ளை வேப்பமரத்தடி, அம்மாவை அழவேண்டாம் எண்டு முதல்ல சொல்லுங்கோ. அவவாலை ஒண்டும் பறிபோகேல்லை. நான் பங்குனி சித்திரையில வரி முகாமில தொண்டனா இருந்து எங்கட முதியவர்களுக்கு வரி நிரப்பிக் குடுக்கிறனான். வருசத்துக்கு நாலைஞ்சு வீட்டில இதே கண்ணீரைப் பாக்கிறன். ஆறுதலா எழுதுறன்.

ரெண்டு காசு இருக்குது. ஓ.ஏ.எஸ். எண்டது 65 வயசும், 18 வயசுக்குப் பிறகு கனடாவில குறைஞ்சது பத்து வருச வதிவும் இருந்தால் வாறது. நாப்பது வருசம் இருந்தால் முழுக்காசு. பத்து வருசம் எண்டால் நாலில ஒண்டு. அதுக்குக் கலியாணம் கட்டினனீங்களோ இல்லையோ எண்ட கேள்வியே இல்லை, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி. 2025 ஜனவரிக் கணக்கில 75 வயசுக்குக் கீழ முழு ஓ.ஏ.எஸ். 727.67. உங்கட அப்பா அம்மாவுக்கு அதில கால்பங்கு, ஆளுக்கு 181.92.

ஜி.ஐ.எஸ். எண்டது வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மேலதிகமாக் குடுக்கிறது. இதிலதான் கலியாணம் வருது. அதே 2025 ஜனவரிக் கணக்கில தனி ஆளுக்கு ஆகக்கூடினது 1,086.88. ரெண்டு பேரும் ஓ.ஏ.எஸ். எடுக்கிற சோடி எண்டால் ஆளுக்கு 654.23. வித்தியாசத்தைக் கழிச்சுப் பாருங்கோ, 432.65. உங்கட அப்பாவுக்குக் குறைஞ்ச அதே தொகை.

நாப்பது வருசம் இல்லாத ஆக்களுக்கு ஓ.ஏ.எஸ்சில குறையிற பங்கை ஜி.ஐ.எஸ். நிரப்பிவிடும். அதாலதான் பத்து வருசக்காரருக்கும், வேற வருமானம் ஒண்டும் இல்லையெண்டால், கடைசியா வாறது முழுக்காசுக்காரருக்கு வாறதுதான். 727.67ஓட 654.23ஐக் கூட்டினால் 1,381.90. ரெண்டு பேருக்கும் ஒரு சதம் பிசகாமல் சரியா வந்திருக்குது.

டிசம்பர் வரைக்கும் அப்பாவுக்கு ஏன் கூட வந்தது? கலியாணம் கட்டியிருந்தாலும், மற்ற ஆள் ஓ.ஏ.எஸ்சோ, 60க்கும் 64க்கும் இடைப்பட்ட துணைக்குக் குடுக்கிற அலவன்சோ எடுக்காட்டி, எடுக்கிற ஆளுக்குத் தனி ஆளின்ர கணக்கிலதான் ஜி.ஐ.எஸ். குடுப்பினம். அந்த 1,814ஐ வைச்சு ரெண்டு பேர் சாப்பிட வேணும் எண்டதுக்காக. மற்றவவுக்கும் தொடங்கினதும் சோடிக் கணக்குக்கு மாத்திவிடுவினம்.

இப்ப வீட்டுக் கணக்கைப் பாருங்கோ. டிசம்பரில வீட்டுக்கு 1,814.55. ஜனவரியில ரெண்டையும் சேர்த்து 2,763.80. மாதம் 949.25 கூடியிருக்குது. அப்பாவின்ர பக்கத்தை மட்டும் பாத்தால் நட்டம் மாதிரித்தான் தெரியும்.

அந்தத் தெரிஞ்ச ஆளின்ர யோசனையைப் பற்றிப் பிறகு எழுதுறன். அதை இண்டைக்கே மறந்துவிடுங்கோ.

பதிவு 4: வேப்பமரத்தடி

சித்தப்பா, நீங்கள் எழுதினதை அப்படியே அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். பென்சிலை எடுத்துக் கழிச்சுப் பாத்தார். 432.65 வந்ததும் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு, "அப்ப கள்ளமில்லை" எண்டு மட்டும் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறேல்லை. "வீட்டுக்கு ஆம்பிளையின்ர பேரிலதானே வரவேணும்" எண்டுறா.

பதிவு 5: ஆனையிறவுக் காத்து

அக்கா, உங்கட அம்மாவுக்கு ஒண்டு சொல்லுங்கோ. என்ர அம்மாவும் இப்பிடித்தான் சொன்னவ. ஐம்பது வருசம் வீட்டு வேலை செய்து ஒரு சதம் அவவின்ர பேரில வரேல்லை. முதல் பென்சன் காசில சபைக்கு ஐம்பது டொலர் குடுத்திட்டு, மிச்சத்தில எனக்கொரு குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவ. எனக்கு அப்ப நாப்பத்திரெண்டு வயசு. அந்தச் சட்டையை நான் எறிய மாட்டன்.

கேள்வி ஒண்டு. 60 வயசிலயே ஏதோ அலவன்ஸ் வரும் எண்டு கேள்விப்பட்டன். எங்கட அம்மாவுக்கு நாங்கள் அதை எடுக்கவே இல்லை. அது என்ன?

பதிவு 6: கணக்குச்சித்தப்பா

அது கனபேர் தவறவிடுற காசு தம்பி. 60 தொடங்கி 65 முடியாத ஆள், பத்து வருச வதிவு, கணவனோ மனைவியோ ஜி.ஐ.எஸ். எடுக்கிற ஆளா இருக்கவேணும், ரெண்டு பேரின்ர வருமானமும் சேர்த்து வரம்புக்குள்ள நிக்கவேணும். 2025 தொடக்கத்தில வருசத்துக்கு 40,800 டொலருக்குக் கீழ. அப்ப ஆகக்கூடக் கிடைச்சது மாதம் 1,381.90. 65 வந்ததும் அது ஓ.ஏ.எஸ்சுக்கு மாறும்.

இது 1975இல கொண்டுவந்த திட்டம். அப்பத்தையக் குடும்பங்களில கணவன் வயசில மூத்தவர், வேலையை விட்டிட்டார், மனைவி கொஞ்சம் இளையவ, அவவுக்கு வருமானம் இல்லை. அவவுக்கு 65 வரும்வரைக்கும் ஒரு பென்சனில ரெண்டு பேர் கஷ்டப்பட்டினம். அதைத் தீர்க்க வந்தது.

கணவனோ மனைவியோ இறந்துபோய், திரும்பக் கலியாணம் கட்டாமல் இருக்கிற 60க்கும் 64க்கும் இடைப்பட்ட ஆக்களுக்கு வேற ஒரு அலவன்ஸ் இருக்குது. அது 2025 தொடக்கத்தில ஆகக்கூட 1,647.34.

ரெண்டும் தானா வராது, விண்ணப்பிக்க வேணும். பிந்தி விண்ணப்பிச்சால் பின்னோக்கி 11 மாதத்துக்கு மேல தரமாட்டினம். எங்கட சனம் "65 வரட்டும்" எண்டு இருந்து நாலு வருசக் காசை விட்ட கதையள் என்னட்டக் கனக்க இருக்குது. 59இலயே படிவத்தை எடுத்து வையுங்கோ.

பதிவு 7: தனிமரம்

இந்த இழையை ரெண்டு நாளா வாசிக்கிறன். எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சு இப்ப எழுதுறன்.

எனக்கு 61. கனடா வந்து முப்பத்தொரு வருசம். கணவர் அடிக்கிறவர். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு 2003இல வெளிக்கிட்டன், 2006இல விவாகரத்து. அதுக்குப் பிறகு துப்புரவு வேலை. கந்தோர்களில இரவு வேலை. இப்ப ரெண்டு முழங்காலும் ஏலாது, கிழமைக்கு ரெண்டு நாள்தான் போறன்.

கணவனோட இருந்திருந்தால் எனக்கு இப்ப அலவன்ஸ். கணவன் செத்திருந்தாலும் அலவன்ஸ். அடி தாங்கேலாமல் வெளிக்கிட்டபடியால் 65 வரைக்கும் ஒண்டும் இல்லை. என்ர சிநேகிதி ஒருத்தி விதவை, அவவுக்குக் கிடைக்குது, அவவுக்கு அது கட்டாயம் வேணும். எனக்கு அதில மனக்கசப்பு இல்லை. ஆனால் எங்கள் ரெண்டு பேரின்ர வாடகையும் ஒண்டுதான், குளிசைச் செலவும் ஒண்டுதான். அரசாங்கம் என்ர முழங்காலைப் பாக்கேல்லை, என்ர கலியாணப் பதிவைத்தான் பாக்குது.

மல்லாகத்தான் அண்ணா, சோடிக்குக் குறைவு எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். நாலு வருசம் தனி ஆளுக்கு ஒண்டுமே இல்லை அண்ணா.

பதிவு 8: மல்லாகத்தான்

தங்கச்சி, நான் என்ர கோவத்தில ஒரு பக்கத்தைத்தான் பாத்திட்டன். நீங்கள் எழுதினதை என்ர மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன். அவ உங்களோட கதைக்க ஆசைப்படுறா. விருப்பமெண்டால் தனிமடல் போடுங்கோ. நாங்களும் ஸ்காபரோதான், மார்க்கம் வீதிப் பக்கம்.

பதிவு 9: பாரிமகன்

தனிமரம் அக்கா சொன்னது சரியாக இந்தச் சட்டத்தின் பழைய புண். நான் சட்டம் படிக்கிறவன், இந்த அலவன்ஸ் பற்றிய ஒரு வழக்கைக் கட்டாயம் படிக்க வைப்பார்கள்.

ஜேம்ஸ் ஈகன், ஜோன் நெஸ்பிட் என்று இரண்டு ஆண்கள். 1948 முதல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஈகனுக்கு 65 ஆகி ஓ.ஏ.எஸ்., ஜி.ஐ.எஸ். கிடைத்தது. நெஸ்பிட்டுக்கு 60 ஆனபோது அலவன்சுக்கு விண்ணப்பித்தார்கள். சட்டத்தில் துணை என்றால் எதிர்ப்பால்தான் என்று மறுத்துவிட்டார்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால், மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்தாலும் கொடுத்திருப்பார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1995 மே மாதம் தீர்ப்பு வந்தது. பாலியல் நாட்டத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதும் உரிமைச் சாசனத்துக்குள் அடங்கும் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அவர்களுக்கு அலவன்ஸ் கிடைக்கவில்லை. 2000இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் ஒருபால் துணைகளும் இந்தக் கணக்குக்குள் வந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘சோடி’ என்பவர் யார் என்ற வரையறை மாறாமல் நிற்கிற ஒன்றில்லை. ஆட்கள் கேட்டுக் கேட்டுத்தான் மாறியது. 60க்கும் 64க்கும் இடையில் தனியாக இருக்கிறவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வறுமையைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம் என்றால் வறுமையை மட்டும் பார்க்கட்டும்.

பதிவு 10: கணக்குச்சித்தப்பா

தனிமரம் பிள்ளை, உடனே செய்யக்கூடிய ரெண்டு காரியம் சொல்லுறன்.

ஒண்டு, சி.பி.பி. எண்டது வேலை செய்யிற ஆக்கள் சம்பளத்தில இருந்து கட்டிச் சேர்க்கிற பென்சன், அதைக் கட்டினவங்கள் 60 வயசிலயே எடுக்கலாம். ஆனால் 65க்கு முந்தின ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் குறைப்பினம், அது சாகும்வரைக்கும் குறைவாத்தான் வரும். முழங்காலால வேலையே செய்ய ஏலாது எண்டு வைத்தியர் எழுதிக் குடுத்தால் சி.பி.பி. ஊனமுற்றோர் பென்சனுக்குக் கேக்கலாம். அதுக்குப் பொதுவா கடைசி ஆறு வருசத்தில நாலு வருசம் கட்டியிருக்க வேணும். முதல்ல அதைக் கேளுங்கோ, அவசரப்பட்டுக் குறைஞ்ச பென்சனை எடுக்காதேங்கோ.

ரெண்டாவது, சேர்ந்து வாழ்ந்த வருசங்களில அவர் கட்டின சி.பி.பி. வரவையும் நீங்கள் கட்டினதையும் கூட்டிச் சரிபாதியாப் பிரிக்கச் சொல்லிக் கேக்கலாம். விவாகரத்து 1987க்குப் பிறகு எண்டால் காலக்கெடு இல்லை. அவரின்ர சம்மதம் தேவையில்லை, அவரோட நீங்கள் கதைக்கவும் தேவையில்லை. விவாகரத்துத் தீர்ப்பும், ஒண்டா இருந்த திகதிகளும் போதும். அவர் நல்ல சம்பளத்தில இருந்தவர் எண்டால் உங்களுக்குக் கூடும்.

பதிவு 11: தனிமரம்

சம்மதம் தேவையில்லை எண்ட வரியை நாலுதரம் வாசிச்சன். பத்தொன்பது வருசமா இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நன்றி அண்ணா.

பதிவு 12: மிசிசாகா மணி

எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னைக்காரன், இங்கே வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த இழையில் எழுத எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியலை, ஏன்னா எனக்கு ஜிஐஎஸ் கிடையாது. ஆனா ஒண்ணு உறுத்துது.

வருமானம் அதிகமா இருந்தா ஓஏஎஸ்ஸைத் திரும்பப் பிடிப்பாங்க. 2024க்கு வரம்பு 90,997 டாலர், அதுக்கு மேல வர்ற வருமானத்துல 15 சதவீதம். எனக்கு கம்பெனி பென்ஷன், சிபிபி, ஓஏஎஸ் எல்லாம் சேர்த்து 88,000. மனைவி பள்ளியில் வேலை பார்த்தவங்க, அவங்களுக்கு 60,000. வீட்டுக்கு 1,48,000 வருது. இரண்டு பேருக்கும் ஓஏஎஸ்ல ஒரு டாலர் கூடப் பிடிக்கலை. காரணம், அந்த வரம்பு ஆளுக்கு ஆள் தனித்தனி. நான் வரம்பைத் தாண்டினாலும் பென்ஷனில் பாதி வரைக்கும் மனைவி பெயரில் காட்டலாம்னு 2007லிருந்து சட்டம் இருக்கு.

எங்களை மாதிரி வசதியானவங்களுக்கு இரண்டு தனி மனுஷங்கன்னு கணக்கு. வேப்பமரத்தடியோட அப்பா அம்மாவுக்கு மட்டும் ஒரே குடும்பம்னு கணக்கு. 2025 தொடக்கக் கணக்குல, ஓஏஎஸ்ஸைச் சேர்க்காம அவங்க இரண்டு பேர் வருமானத்தையும் கூட்டி 29,136 தாண்டினா ஜிஐஎஸ்ஸே இல்லை. நான் கணக்காளர் கொடுத்த தாளைப் பார்த்தப்போ இதை யோசிச்சதே இல்லை. இந்த இழையைப் படிச்சப்புறம்தான் தோணுச்சு. இது நியாயம்னு என்னால சொல்ல முடியலை.

பதிவு 13: ஆனையிறவுக் காத்து

மணி ஐயா, நீங்கள் சொன்னது எனக்குப் புதுசு. ரெண்டும் ஒரே அரசாங்கத்தின்ர சட்டம்தானே!

ஆனால் மற்றப் பக்கத்தையும் கேக்கிறன். ரெண்டு பேர் ஒரு வீட்டில இருந்தால் வாடகை ஒண்டு, ஹீட் ஒண்டு, இன்டர்நெற் ஒண்டு. தனி ஆளுக்குக் கூடக் குடுக்கிறதில ஒரு நியாயம் இருக்குதுதானே? ரெண்டு பேருக்கும் 1,814 குடுத்தால் 3,629 வரும். தனிய ஒரு பேஸ்மென்ற் எடுத்து இருக்கிற விதவை அம்மாவுக்கு 1,814தான். எங்கட தெருவில அப்பிடி ஒரு அம்மா இருக்கிறா. வாடகை போக அவவின்ர கையில மிஞ்சிறது என்ன எண்டு எனக்குத் தெரியும்.

பதிவு 14: மல்லாகத்தான்

அதை நான் ஒத்துக்கொள்ளுறன் தம்பி. தனிய இருக்கிற விதவைக்கு இன்னும் கூடக் குடுத்தாலும் எனக்குச் சம்மதம். என்ர குறை வேற. ரெண்டு சகோதரியள் ஒரு வீட்டில இருந்தால் அவையளுக்கும் வாடகை ஒண்டுதான். ஆனால் அவையளைத் தனித்தனி ஆளாத்தான் பாப்பினம். செலவு பங்கிடுறதுதான் காரணம் எண்டால் யாரோட பங்கிட்டாலும் ஒண்டுதானே. கட்டிலைப் பாத்துக் கணக்குப் போடுற மாதிரி இருக்குது எண்டு என்ர மனுசி சொல்லுவா.

பதிவு 15: பூவரசம்பூ

நான் சொல்லப்போறது கொஞ்சம் பாரமான விசயம். ஆனால் ஆருக்காவது உதவும்.

அம்மாவுக்கு 2022இல பாரிசவாதம் வந்து, பிறகு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில விட்டம். அப்பா வீட்டில. பதினாலு மாதமா ரெண்டு பேருக்கும் சோடிக் கணக்கிலதான் காசு வந்தது. இல்லத்துக்கும் கட்டவேணும், அப்பாவின்ர வாடகையும் கட்டவேணும். ஒரு சமூக சேவையாளர்தான் சொன்னவ, நோயால பிரிஞ்சு இருக்க வேண்டி வந்தால் ரெண்டு பேரையும் தனி ஆளாக் கணக்குப் பாப்பினம், அதுக்கு ஒரு படிவம் இருக்குது எண்டு.

படிவத்தைக் கொண்டுபோய் அப்பாவிட்டக் குடுத்தன். மேல ‘பிரிவு’ எண்ட சொல்லைப் பாத்தார். பேனையை வைச்சிட்டு எழும்பிப் போட்டார். "ஐம்பத்திரெண்டு வருசம். நான் அவளை விட்டிட்டன் எண்டு எழுதமாட்டன்." ரெண்டு கிழமை அந்தக் கடதாசி குளிர்சாதனப் பெட்டிக்கு மேல கிடந்தது.

பிறகு நான் அவருக்குத் தமிழில எழுதிக் குடுத்தன்: "விரும்பிப் பிரியேல்லை, வருத்தம் பிரிச்சது. கலியாணம் கலியாணமாவே இருக்கும்." அதை வாசிச்சிட்டுத்தான் கையெழுத்து வைச்சார். அடுத்த மாதங்களில இருந்து ரெண்டு பேருக்கும் தனிக் கணக்கு. அப்பா கிழமையில அஞ்சு நாள் பஸ்சில போய் அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு தீத்திப்போட்டு வருவார். அந்த மேலதிகக் காசில எனக்குத் தெரிஞ்ச ஒரே செலவு, மழை நாளில அவர் ரக்சி எடுத்தது.

அம்மா போன வருசம் போயிட்டா.

பதிவு 16: வேப்பமரத்தடி

பூவரசம்பூ அக்கா, என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை. அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

பதிவு 17: கணக்குச்சித்தப்பா

பூவரசம்பூ பிள்ளை எழுதினதுதான் உண்மையான பிரிவு, சட்டம் இடம் குடுத்த பிரிவு. இப்ப அந்தத் தெரிஞ்ச ஆளின்ர யோசனைக்கு வாறன்.

பிரிஞ்சிருக்கிறம் எண்டு காட்ட சத்தியக் கடதாசி எழுதவேணும். அதில பொய் எழுதுறது குற்றம். ஒரே வீட்டில, ஒரே குசினியில, ஒரே பிள்ளையோட இருந்துகொண்டு இதை எழுதினால் ஒருநாள் வரிக் கணக்கிலயோ வைத்தியசாலைப் பத்திரத்திலயோ முட்டும். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா அப்பிடி எழுதினவர். ஆறு வருசம் கழிச்சுக் கண்டுபிடிச்சு, கூட எடுத்த முழுக்காசையும் திருப்பிக் கட்டச் சொன்னவை. மாதாமாதம் பென்சனில வெட்டினவை. அவர் போனபிறகு அந்த அம்மா என்னட்டக் கேட்டவ, "தம்பி, கடைசியில நான் அவருக்குப் பெண்சாதியோ இல்லையோ எண்டு எந்தக் கடதாசியில கிடக்குது?" எண்டு. நான் அந்தக் கேள்வியோட கனநாள் நித்திரை கொள்ளேல்லை.

பதியாமல் சேர்ந்து வாழுற ஆக்களுக்கும் இதே கணக்குத்தான், ஒரு வருசம் ஒண்டா இருந்தால் சோடி. ஒருத்தர் இறந்தால் உடனே அறிவியுங்கோ. இறந்த மாதத்துக்குரிய காசு அவருக்குச் சேரும், அதுக்குப் பிறகு விழுந்தால் திருப்பிக் குடுக்கவேணும். அறிவிச்சதும் மற்ற ஆளைத் தனிக் கணக்குக்கு மாத்துவினம்.

பதிவு 18: வேப்பமரத்தடி

சித்தப்பா, இன்னும் ஒண்டு. கோண்டாவில் வீட்டை போன ஐப்பசியில இருந்து ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுத்திருக்கிறம். மாதம் நாப்பதாயிரம் இலங்கைக் காசு. அது ஊரில சித்தியின்ர கணக்குக்குத்தான் போகுது, இஞ்ச வாறேல்லை. இதையும் சொல்லவேணுமோ? அம்மாவின்ர நகை, வங்கியில போட்ட காசு இதெல்லாம் கேப்பினமோ?

பதிவு 19: கணக்குச்சித்தப்பா

வாடகையைக் கட்டாயம் காட்டவேணும். கனடாவில வசிக்கிற ஆள் உலகத்தில எங்க வாற வருமானத்தையும் வரியில எழுதவேணும், காசு ஆரின்ர கணக்கில கிடந்தாலும். செலவு, திருத்தவேலை எல்லாம் கழிச்சு மிஞ்சிறதுதான் கணக்கு. பயப்பிடாதேங்கோ. வருமானத்தில ஒரு டொலர் கூடினால் ஜி.ஐ.எஸ்சில அண்ணளவா ஐம்பது சதம் குறையும், சோடியில அது ரெண்டு பேருக்கும் பிரியும். உங்கட மூண்டு மாத வாடகையால பெரிய வெட்டு வராது. 2024 வருமானத்தை வைச்சு இந்த ஜூலையில இருந்து புதுக்கணக்குப் போடுவினம்.

சொத்தைப் பாக்கமாட்டினம். வீடு, நகை, வங்கியில கிடக்கிற காசு ஒண்டையும் கேக்கமாட்டினம். அந்தக் காசுக்கு வாற வட்டி மட்டும் வருமானம். பிள்ளையள் குடுக்கிற காசும் வருமானமில்லை.

இதை வாசிக்கிற நாப்பது, ஐம்பது வயசுக்காரருக்கும் ஒண்டு. கடைசிக் காலத்தில ஜி.ஐ.எஸ். எடுக்க வேண்டிவரும் எண்டு தெரிஞ்சால் ஆர்.ஆர்.எஸ்.பி. எண்ட ஓய்வுகாலச் சேமிப்பில போட்டு வைக்கிறதை யோசிச்சுச் செய்யுங்கோ. வயசு போனபிறகு அதில இருந்து எடுக்கிற ஒவ்வொரு டொலரும் வருமானம். ரி.எவ்.எஸ்.ஏ. எண்ட வரியில்லாச் சேமிப்பில இருந்து எடுத்தால் வருமானமில்லை. வேலை செய்யிற முதியவர்களுக்குச் சம்பளத்தில முதல் 5,000 டொலரையும், அடுத்த 10,000இல பாதியையும் 2020 ஜூலையில இருந்து கணக்கில எடுக்கிறேல்லை.

ஏப்ரல் 30க்கு முதல் ரெண்டு பேரும் வரி நிரப்பவேணும். வருமானம் பூச்சியம் எண்டாலும் நிரப்புங்கோ. இல்லாட்டி ஜூலையில ஜி.ஐ.எஸ். நிண்டிடும்.

பதிவு 20: ஆனையிறவுக் காத்து

அம்மா நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஏழெட்டு மாதம் நிக்கப்போறன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. காசுக்குப் பிரச்சினை வருமோ?

பதிவு 21: கணக்குச்சித்தப்பா

ஆறு மாதத்துக்கு மேல வெளியில நிண்டால் ஜி.ஐ.எஸ். நிக்கும். இருபது வருச வதிவு இருந்தால் ஓ.ஏ.எஸ். ஊரிலயும் வரும், இல்லாட்டி அதுவும் நிக்கும். கொடியேத்தத்துக்குப் போய் தைப்பொங்கலுக்கு முதல் திரும்பி வரச் சொல்லுங்கோ, சரியா வரும்.

பதிவு 22: வேப்பமரத்தடி

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனன். இதுவரைக்கும் அவவின்ர காசும் அப்பாவோட சேர்ந்த கணக்குக்குத்தான் போனது. தனியா ஒரு கணக்குத் திறக்கலாம் எண்டு சொன்னது அப்பாதான். வங்கிப் பிள்ளை கையெழுத்து வைக்கச் சொல்ல, அம்மா ‘தமிழில வைக்கலாமோ’ எண்டு கேட்டா. வைக்கலாம் எண்டு சொன்னவை. ஆறுதலா, எழுத்தெழுத்தா வைச்சா. அப்பா பக்கத்தில கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தவர்.

பின்னேரம் வந்து அப்பா ஒரு கொப்பி எடுத்து, வாடகைக் காசு, கூரை ஓடு மாத்தின செலவு, சித்திக்குக் குடுத்தது எல்லாத்தையும் மாதம் மாதமா எழுதி வைச்சிருக்கிறார். சித்தப்பா, சனிக்கிழமை உங்கட முகாமுக்கு மூண்டு பேரும் வாறம். எத்தனை மணிக்கு வந்தால் சனம் குறைவா இருக்கும்?

பதிவு 23: கணக்குச்சித்தப்பா

ஒன்பது மணிக்கு வாங்கோ பிள்ளை. ரெண்டு பேரின்ர சின் நம்பரும் (சமூகக் காப்புறுதி எண்), போன வருச வரி மதிப்பீட்டுக் கடிதமும், அப்பாவின்ர கொப்பியும் கொண்டு வாங்கோ. தனிமரம் பிள்ளை, நீங்களும் விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டு வாங்கோ, சி.பி.பி. படிவத்தை இருந்து நிரப்பலாம்.